பத்தொன்பது புள்ளி

ஹெர்கிங்கனில் இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்று சேர்ந்து
கொஞ்சத் தூரம் ஓடிப் பிறகு பிரிகின்றன.
களஞ்சியம் வைக்க இப்படியோர் இடமே உகந்தது என்று
இரண்டாம் பாடநூல், நாற்பத்தோராம் பக்கம்.
இங்கேதான் வைத்திருக்கிறார்கள்.
இங்கேதான் ஒன்பது வருடமாகப் பெட்டி தூக்குகிறேன்.
பாடநூலுக்கு முதலே எனக்கு இது தெரியும்.
பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை.

அந்தப் பாடநூல் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.
இரவு இரண்டேகால், பதினான்காம் வரிசை.
பட்டியில் உருண்டு வந்த பழுப்புப் பொதியில்
என் பெயர்.
அருந்தவச்செல்வி குலவீரசி
அதற்கு மேல் ஒட்டுத்தாளில் இடம் இல்லை.
எடுத்துக்கொள்ள முடியாது.
நான் அனுப்புகிறவள், பெறுகிறவள் அல்ல,
அந்த நேரத்தில்.
ஸ்கேன் பண்ணினேன், பீப் என்றது,
ஓல்டன் வண்டிக்குத் தள்ளிவிட்டேன்.
மறுநாள் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு:
நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை.

தொலைக்கல்வி என்றால்
தொலைவில் யாரோ படிப்பிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.
சூர்புகன் என்ற ஆசிரியரை நான் கண்டதே இல்லை.
சிவப்பு எழுத்தில் வருவார், சிவப்பு எழுத்தில் போவார்.
தொலைவில் இருந்தது நான்தான்:
காலை ஆறரைக்கு, சப்பாத்தைக் கழற்றாமல்,
சமையலறை மேசையில்,
ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஜெர்மன் சொற்களை
பருப்பில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டு.
எப்போது திரும்ப வாங்குவது, எவ்வளவு சும்மா வைத்திருப்பது,
தாமதத்துக்கு என்ன விலை.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.
அதற்குள் எங்கேயோ ஆறு.
இங்கே ஆற்றுக்குப் பெயரே ஆரே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை
இவர்கள் நான்கு தவணையாகப் பிரித்து
எண்ணூறு பிராங்குக்கு விற்கிறார்கள்.

மூன்றாம் ஒப்படை:
ஒரு களஞ்சியம், இருபத்திரண்டு வரிசை,
இரவுச் செலவைக் குறைக்கவும்.
கணக்கு நேர்மையானது. இரண்டு தரம் செய்தேன்.
பதினான்கையும் பதினைந்தையும் சேர்த்தால்
ஒரு ஆள் போதும்.
பதினைந்தில் மிர்யெட்டா நிற்கிறாள்.
ஒப்படையில் அவள் இல்லை, நானும் இல்லை,
ஆனாலும் பேனையைக் கொஞ்சம் கீழே வைத்தேன்.

பிறகு விடைக்கு அடியில் ஒரு பந்தி சேர்த்தேன்.
பதினான்காம் வரிசையிலிருந்து கழிப்பறைக்கு
இருநூற்று அறுபத்திரண்டு காலடி, பதினேழு படி.
ஒரு ஆள் போனால் வரிசையில் யார்?
மிர்யெட்டாவின் வலது முழங்கால்
படியை எண்ணி எண்ணித்தான் இறங்கும்.
(முழங்காலை எழுதவில்லை. நிமிடத்தை மட்டும் எழுதினேன்.)

எண்பத்தொன்று வந்தது.
பந்தியின் ஓரத்தில் சிவப்பில்:
தரவில் இல்லை.
பத்தொன்பது புள்ளி,
கழிப்பறைக்குப் போய் வர.

மாசியில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கியது.
பதினான்கும் பதினைந்தும் ஒன்றாகின்றன,
சித்திரையிலிருந்து, சோதனையாக.
யாரோ இதே பாடத்தை
முழுப் புள்ளி வாங்கிப் படித்திருக்கிறார்.

நான் கத்தவில்லை. கத்துவதற்கும் ஜெர்மன் வேண்டும்.
அவர்களுடைய அட்டவணையிலேயே,
அவர்களுடைய எழுத்துருவிலேயே,
நின்ற பட்டிக்கு ஒரு நிமிடம் இத்தனை பிராங்கு என்று
பூர்கிசருக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.
தரவு எங்கே என்று கேட்பார். கேட்கட்டும்.
பதில் வந்து சேரும் காலம்
இன்னும் கணக்கிடப்படவில்லை.

இதற்கிடையில்
மிர்யெட்டா ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும்
தூரத்திலேயே விரல்களை உயர்த்துகிறாள்.
நான் பெட்டி மட்டையில் குறித்துக்கொள்கிறேன்.
நேற்று எட்டு.
இன்று, படியில் ஈரம்,
ஒரு கை முழுக்க, மறு கையில் நான்கு.