பதினேழாவது சரிவு

பீருமேட்டுக்கு மேலே ஒரு பழைய தேயிலைக் கிடங்கு.
இப்போது அதற்குள் கண்ணாடிப் பெட்டி,
ஆறடி நீளம், முப்பத்திரண்டு பாகை சாய்வு.
மண் சுமப்பதும் பெட்டி கழுவுவதும் என் வேலை.

நாலாம் நம்பர் லயத்தின் முதுகிலிருந்து
ஒன்பது சாக்கு வெட்டி வந்தேன்.
ஷெமீனா மேடம் சலிக்கச் சலிக்க
தேயிலை வேரும் நண்டின் ஓடும்
என் மகள் தொலைத்த வளையலில் பாதியும்
சல்லடையில் தங்கின.
"இதொண்ணும் வேண்டா தங்கையா,
ஒரே சீரான மண் மதி."

பூவாளி, இரைச்சல் என்று நினைத்திருந்தேன்.
அவர் திறந்ததோ அடியில் ஒரு சின்னக் குமிழை.
நீலம் கலந்த நீர்
திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியது,
அளவுக்குழாய்களில் விரற்கடை விரற்கடையாக.
மேலே மண் உலர்ந்தே கிடந்தது,
ஊதினால் பறந்திருக்கும்.

தண்ணீர் மண்ணைத் தள்ளுவதில்லையாம்.
குமுளி பஸ்ஸில்
நெருக்கி நிற்கும்வரை யாரும் விழுவதில்லை அல்லவா,
அந்த நெருக்கத்துக்குள் புகுந்து
ஒவ்வொரு மணியையும் கொஞ்சம் தூக்கிவிடுகிறதாம்.
அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் நிமிடம் அடிவாரம் வியர்த்தது.
ஐம்பத்தொன்றில்
மேல்விளிம்பில் மயிரளவு ஒரு கோடு.
கோடு என்று நான் சொல்லி முடிக்குமுன்
கண்ணாடியெல்லாம் சேறு.

எட்டு நிமிடம்.
லயத்தில் பதினோரு கதவு.
சேறு வழித்துக்கொண்டே மனசுக்குள் தட்டிப் போனேன்:
மூன்றாம் வீட்டு எசக்கிக்குக் காது மந்தம்,
ஐந்தில் கைப்பிள்ளை.
ஏழாவது கதவில் நேரம் தீர்ந்துவிட்டது.

"மலையில எத்தன நிமிசம் மேடம்?"
பெட்டிக் கணக்கு மலைக்கு நேராகப் பொருந்தாது என்றார்.
சிலசமயம் மழை விட்டு, வெயில் வந்து,
துணி காயப்போட்ட பிறகும் போகும் என்றார்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் அடுப்புக்குப் பின்னே
ஆனி மாதத்திலிருந்து ஓர் ஊற்று.
தெளிந்த நீர், பாத்திரம் கழுவ ஆச்சு என்று
சம்சாரத்துக்குச் சந்தோஷம்.
இன்று ராத்திரி தம்ளரில் பிடித்து
பல்புக்கு நேரே வைத்தேன்.
"கட்டன் சாயாவாப்பா?" என்றாள் மகள்.

அவளைத் தூக்கி ரோட்டுப் பக்கம்
அம்மாவோடு அனுப்பிவிட்டு
எட்டாவது கதவிலிருந்து தட்டத் தொடங்கினேன்.