சுருங்கினால் மட்டும்

நாக்பூருக்கு அந்தாண்டை ஓர் ஆரஞ்சுத் தோட்டம்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது அடி.
கடைசி ராடு இறங்கியும் புகைதான் வந்தது.
புருவம் வரை எனக்குக் கல்மாவு.
தோட்டக்கார அம்மா அழவில்லை.
ஏழு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்,
மிச்சப் பணத்துக்குத் தவணை கேட்டார்,
கேட்ட கையோடு
சுவரோரத் தொட்டியில் ஓர் இலையைக் கிள்ளி
என்னிடம் நீட்டினார்.
கம்ப்ரசர் இன்னும் ஓயவில்லை.
அவர் உதட்டில் எனக்குப் பிடிபட்டது
'பாணி' என்ற ஒரு சொல்தான்.
தலையை இடவலமாய் ஆட்டினார்.
குழியைச் சொல்கிறார் என்றிருந்தேன்.

சட்டைப்பையில் பீடிக்கட்டோடு மறந்துபோனேன்.
பன்னிரண்டாம் நாள் துணி அலசப் போன சுக்ராம்
கத்திக்கொண்டே ஓடிவந்தான்.
கிள்ளிய வாயில், ரோஸ் நிறத்தில்,
தறிநூலைவிட மெல்லிசாய் ஒரு வேர்.
மண்ணைப் பார்க்கவில்லை அது. தண்ணீரையும்தான்.

கிரீஸ் டப்பாவைப் பாதியாய் அறுத்து
அடியில் மூன்று ஓட்டை போட்டு
அடுத்த குழியின் கல்பொடி நிரப்பி
லாரியில் ஸ்டியரிங்குக்கு மேலே வைத்தோம்.
ஒன்பது போர், இரண்டு மாநிலம்.
தாய் இலை தன்னையே கரைத்துக் கரைத்து
சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூவை அடுக்கியது.
பூவில்லை, எல்லாம் இலைதான்.
பார்க்கிறவர்களுக்குத்தான் பூ.

ஆடி நோம்பிக்கு வண்டி ஊர் திரும்பியது.
திருச்செங்கோட்டில் எங்கள் வீடு
மலைக்கு முதுகு காட்டி நிற்கும்.
நாலு மணிக்குமேல் பாறை தான் குடித்த வெயிலையெல்லாம்
மொட்டைமாடியில் கக்கும்.
மூன்றே நாளில் இலையில் காபிக்கறை மாதிரிப் பொள்ளல்.
கீழே கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினாள் பாவாயி.
எட்டு நாளைக்கொருதரம் வரும் காவேரித் தண்ணியில்
விடிந்ததும் ஒரு சொம்பு, பொழுதிறங்க ஒரு சொம்பு.
"ஒரம்பரைக்கு வந்த செடிங்க, வாட விடலாமா?"
நானும் தடுக்கவில்லை.
தண்ணீர் வேண்டாமென்ற ஒரு உயிரை
பத்தொன்பது வருசத் தொழிலில் நான் கண்டதில்லை.

இலையிடுக்கில் வெள்ளையாய் ஏதோ.
தெரு முழுக்கத் தறி; பஞ்சு ஒட்டியிருக்கும் என்றிருந்தோம்.
பஞ்சு நகர்ந்தபோதுதான் பூச்சி என்று தெரிந்தது.
காது குடையும் குச்சியில் சானிடைசர் தொட்டு
ஒவ்வொன்றாய்த் துடைத்தாள்.
அதற்குள் அடியிலை கண்ணாடியாகிவிட்டது.
தொட்டதும் கழன்றது; உள்ளே வெறும் தண்ணீர்.
தண்டைக் கீறினேன். கறுப்பு.

"தண்ணி ஊத்துனதுக்காச் செத்துச்சு?"
டப்பாவைப் பார்த்துக் கேட்கவில்லை,
என்னைப் பார்த்துக் கேட்டாள்.
அந்த அம்மா தலையாட்டியது
குழிக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உச்சியில் கெடாத இலை நான்கு.
வாய் காயட்டும் என்று தாளில் பரப்பி நிழலில் வைத்தோம்.
சொம்பை எடுப்பாள், வைப்பாள்.
ஊற்றாமல் இருப்பது அவளுக்குப் பெரும்பாடாய்ப் போனது.
ஒன்று கருகியது.
ஒன்றை அணில் கொண்டுபோனது.
இரண்டு வேர்விட்டன.

இப்போது ராய்ச்சூர் தாண்டி ஒரு பருத்திக்காடு.
ஒரு செடி என்னோடு, ஒன்று ஜன்னலில்.
ராத்திரி போன் போட்டேன்.
"சுருங்கிச்சா?"
"இன்னுமில்லீங்க. விரல்ல அமுக்கிப் பாத்தேன், கல்லாட்டம் இருக்குது."
"ஊத்தாத."
"ஊத்துல."
அவள் பக்கம் தறி, என் பக்கம் கம்ப்ரசர்.
எப்ப வர்றீங்க என்று இந்தத் தரம் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் வைக்காமல் இருந்தோம்.

நூற்றெண்பதில் பொடி நனைந்து வந்தது.
சுக்ராம் டார்ச்சை ஆட்டினான்.
"போங்க," என்றாள்,
"சத்தம் மாறுது, தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது."