எண் 212

பல் பிடுங்க ஃபோர்ட் வெய்ன் போனேன்.
மருத்துவருக்கு எதிரே பழைய சாமான் கடை.
கண்ணாடிக்கு அடியில் அவன்:
இடக்கைக்காரன், கோப்பைப் பிடி மாதிரிக் காது,
இரண்டே பருவம் பேஸ்பால் வீசி
யார் நினைவிலும் நிற்காதவன்.
அட்டையின் முதுகில் பபிள்கம் கறை.

வெர்லினின் ஆல்பத்தில்
பத்தொன்பது வருஷமாக
வெறுமையாய்க் கிடக்கும் ஒரே உறை.

நூற்றுப் பத்து டாலர்.
வாயில் பஞ்சு; பேரம் பேச வரவில்லை.
ரசீதும் வாங்கவில்லை.

பிறந்தநாள் வந்தது.
கம்பளிக் காலுறை கொடுத்தேன்.

சனிக்கிழமைதோறும் விடியுமுன்
பிளாஸ்க்கில் காபி நிரப்பி, டிரக்கைக் கிளப்பி
ஏதாவது ஊர்ச் சந்தைக்குப் போகிறார்.
வெறுங்கையோடு,
சீழ்க்கையடித்தபடி வருகிறார்.

மாவு டப்பாவுக்குப் பின்னால்
கையை ஓங்கியவன்
இன்னும் பந்தை விடவில்லை.