வாயளவு

வடசேரிக் கடையில் சிரித்தார்கள்.
"குமரி ஜில்லாவில வீட்டைச் சூடாக்கவா?
ஃபேன் கேளுங்க, தாறோம்."

அவர்களிடம் மாறாமலையைச் சொல்லவில்லை.
கிராம்புத் தோட்டத்துக்கும் மேலே ஓட்டு வீடு,
மின்கம்பம் ஏறாத கடைசி இரண்டு மைல்.
இரண்டு மழையும் எங்களுடையது.
எடவப்பாதி தொடங்கினால் சோலார் பலகை
பாசி பிடிக்கத்தான் லாயக்கு.
ஈரம் துணியில் மட்டுமா,
உப்பில், தீப்பெட்டியில்,
நான் எழுதும் ஆள்கணக்கு நோட்டின்
நடுப்பக்கத்தில்.

தடிக்காரன்கோணத்தில் வெல்டிங் பட்டறை.
டென்னிஸ்ராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
ஒன்று, ஊட்டியில் ஏலத்துக்கு வந்த வார்ப்பிரும்பு.
சிங்கக்கால் நாலு. தூக்க ஆறு பேர்.
ஜீப்பே நின்றுவிடும் இடத்துக்கு
சிங்கம் எப்படி நடக்கும்?
இன்னொன்று தார் பீப்பாயை வெட்டியது.
பத்து நிமிஷத்தில் சிவக்கும்,
பத்து நிமிஷத்தில் மறந்துவிடும்.
(அந்தக் குணம் எனக்குப் பழக்கம்.)

"ஆறு எம்எம் தகட்டில நான் செஞ்சு தாறேன்.
உள்ள சூளைச்செங்கல். வெடியக்காலம் வரை சூடு நிக்கும்.
விறகு என்னது?"
றப்பர் என்றேன். வேறென்ன கிடைக்கும்,
காட்டில் சுள்ளி பொறுக்கினாலும் ரேஞ்சர் வருவார்.
"றப்பர் எரியும், நிக்காது.
பச்சையா போட்டா குழலு பூரா தார் கட்டும்.
ஒரு வேனல் காய வையுங்க.
ராத்திரிக்கு ரெண்டு துண்டு புளி,
பாத்துக்கிடுங்க."

பிறகு சாக்பீஸை எடுத்தான்.
"வாய் எத்தற வேணும்?
ரெண்டடி விறகுன்னா ரெண்டாள் வாளு வேணும்.
அங்க எத்தற பேரு?"

விமல்தாஸ் ஐப்பசியில் இறங்கிப் போனான்.
குளிரைத்தான் காரணம் சொன்னான்.
வேறு ஏதாவது சொல்லியிருந்தால்
நான் இந்தப் பட்டறையில் நின்றிருப்பேனா
தெரியவில்லை.

ரோட்டில் பால் வண்டி ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
அது திரும்பும் வரை யோசித்தேன்.
என் வெட்டுக்கத்தி,
என் தோள்,
ஒரே போடில் நான் பிளக்கக்கூடிய நீளம்.

"ஒரு அடி."

தகட்டில் எழுதிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.
"கதவுக்குக் கண்ணாடி வேண்டாம், கேட்டியளா.
எண்ணூறு ரூவா கூட வரும்.
சும்மா தீயைப் பாத்துக்கிட்டு இருக்கத்தான் உதவும்."
வேண்டும் என்றேன்.
அதை மட்டும் உடனே சொன்னேன்.

அடுப்பு வர பதினாறு நாள்.
குழலை இன்றே வாங்கிவிட்டேன், மூன்று துண்டு.
பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் கிழித்தபடி
கண்டக்டர் குனிந்து, ஒரு துண்டுக்குள்
கண்ணை வைத்துப் பார்த்தார்.
"என்னது இது, அந்தப் பக்கம் கீரிப்பாறை தெரியுது?"

மழைக்கு முன் கூரையில் ஏற வேண்டும்.
எந்த ஓட்டைக் கழற்றுவது என்பதுதான் பாக்கி.
காற்றடிக்காத மூலை ஒன்றே ஒன்று.
அவன் கட்டில் இன்னும் அங்கே கிடக்கிறது,
அதன்மேல் போன வருஷத்துக் கிராம்பு
இரண்டு சாக்கு.