ஏழு பாகை

ஓர்த்தான்ஸ் என்னைவிட ஆறு வயது மூத்தவள்.
வாடை முகத்தில் அடித்தால்
நண்டுபோல் பக்கவாட்டில் நழுவுவாள்.
எஸ்தவாயேயிலிருந்து போர்தல்பான்
பன்னிரண்டு கிலோமீட்டர்; எங்களுக்கு இருபத்தாறு.
நாணல் வரை போய்த் திரும்பு,
நடு ஏரி வரை போய்த் திரும்பு.
ஷெவ்ரூ துறையின் அதே சிவப்புக் கொடி
மூன்றாம் முறையும் கையசைக்கும்.
மோட்டார் போடுவதில்லை என்பது எங்கள் வீம்பு.
போர்தல்பான் உணவகத்தில் இரண்டு மணிக்கு அடுப்பணைப்பார்கள்.
மூன்று கோடையாக நாங்கள் கண்டது
கவிழ்த்து வைத்த நாற்காலிகளை.

பாய் கிழடு, என்றாள் இவெட்.
அடி அழுக்கு, என்றேன் நான்.
இரண்டும் உண்மை.
பாதி விலைக்கு வாங்கியவர்களுக்கு
உண்மைகள் அதிகம்.

பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில்
அவளை மல்லாத்த முடியாமல் நாங்கள் மல்லாந்தோம்.
ஏராவில் எட்டுப் பூச்சு. சுரண்டச் சுரண்ட
நீலம், பச்சை, அப்புறம்
எவரோ ஆசைப்பட்ட கத்தரிப்பூ நிறம்.
மறுநாள் என் பஸ்ஸில் ஏறிய பள்ளிப் பிள்ளை கேட்டது:
"மதாம், உங்களுக்கு நீல நரையா?"

மூன்றிதழ்ச் சுழலியைக் கழற்றி
மடங்கும் ஈரிதழ் பூட்டினோம்.
பின்கம்பியை முறுக்க முறுக்க
முன்கம்பியின் தொய்வு போனது.
இவெட் பொய்ப்பல் செய்பவள்;
ஆடுகிற பல்லைத் தொடுவதுபோல்
விரலால் சுண்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

பிறகு பாரம் குறைத்தோம்:
உபரி நங்கூரம், ஃபோண்டூ சட்டி,
பழைய உரிமையாளர் சேர்த்த கூழாங்கற்கள்,
இவெட்டின் முன்னாள் கணவன் முக்குளிக்கக் கட்டும் ஈயம்,
பதினாலு கிலோ.
அதை மட்டும் அவளே தூக்கிப் போனாள்.

மே மாதம் புதுப் பாய் வந்தது,
தோசைக்கல் போலத் தட்டையாய்.
என் இரண்டு மாதச் சம்பளம்
ஆஞ்சான் கயிற்றில் ஏறி நின்றது.

பேராசை எனக்கு. அணியத்தை
மேலும் மேலும் காற்றுக்குள் திணித்தேன்.
பாய் சிலிர்த்தது, வேகம் செத்தது.
"கொஞ்சம் விடு."
"எவ்வளவு?"
"நூலிரண்டும் சேர்ந்து பறக்கிற வரைக்கும்."
விட்டேன்.
சாய்ந்தாள், முனகினாள், ஓடினாள்.

முன்பு ஐம்பத்தேழு, இப்போது ஐம்பது.
ஏழு பாகை.
பஸ்ஸில் ஒரு சைக்கிள்காரருக்காக ஒதுங்கும்போது
ஸ்டியரிங்கை அதைவிட அதிகம் திருப்புவேன்.
ஆனாலும் சிவப்புக் கொடி ஒரே ஒருமுறைதான் வந்தது.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கயிறு கட்டினோம்.
கதவில் ஓர் அட்டை: செவ்வாய் விடுமுறை.

பாலத்துப் பலகையில் உட்கார்ந்து
ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் கத்தியால் பங்கிட்டோம்.
இவெட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திரும்பும்போது பின்காற்று.
தட்டைப் பாய் சோம்பிக் கிடந்தது,
எங்களைக் கடந்தன இரண்டு வாத்துகள்.
தொந்தி விழுந்த அந்தப் பழைய பாய் இருந்திருந்தால்
பறந்திருப்போம்.
அது இப்போது இவெட் வீட்டு விறகின்மேல் கிடக்கிறது.
இருவருக்கும் தெரியும்.
எஸ்தவாயே வரும்வரை
இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.