மாலை ஐந்தரை

சிவப்புக் குடைக்காரியைப் பதினோரு வருடமாகத் தெரியும்.
கொச்சியில் ஒரு மருத்துவமனை முன்னால் நிறுத்தியிருக்கிறேன்,
சூரத்தில் நகைக்கடை வாசலில்.
வெட்டி ஒட்டும் மனிதர்கள் கோப்பில் இரண்டாம் வரிசை.
வயது ஏறவில்லை. குடை மடக்கவில்லை.
இன்று அவளை
ஹெண்ணூருக்கு அப்பால், இன்னும் கட்டாத விளையாட்டு வளாகத்தின்
கிழக்கு வாசலில் நிறுத்துகிறேன்.
நிழலை நான்தான் தர வேண்டும்.
தராவிட்டால் தரையிலிருந்து ஒரு சாண் மிதப்பாள்.

"டூரிஸ்ட் வரணும்மா" என்றார் ஹொன்னே கௌடா,
துறையின் ஆள், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.
"ஏர்போர்ட்ல எறங்கினவன் மைசூருக்கு முன்னாடி இங்கே எறங்கணும்.
எங்கே நின்னு போட்டோ எடுப்பான்? மொதல்ல அதை வரைங்க."

ஆகவே ஓடுதளம் நீலம்,
விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தவனுக்குத் தெரிய.
கூரை முதலில் தாமரையாக இருந்தது.
வம்பு என்று யாரோ சொல்ல, மயிலாயிற்று.
கிரிக்கெட் மட்டை வடிவில் பெஞ்சுகள், உட்கார்ந்தால் வழுக்கும்.
சூரியனுக்கு ஊரும் நேரமும் சொல்ல வேண்டும் மென்பொருளில்.
பெங்களூரு. மார்ச். மாலை ஐந்தரை.
எல்லாப் படத்திலும் எப்போதும் மாலை ஐந்தரை.
கண்ணாடியில் தேன் வழியும் நேரம்,
கடன் தருபவர்களுக்கும் பிடித்த நேரம்.

கூட்டம் முடியும்போது ஒரு பெண் கை தூக்கினாள்.
ரெஹானா தாஜ், பயிற்சியாளர்,
அந்தப் பொட்டலில் நாற்பது பிள்ளைகளை ஓடவிடுபவள்.
"கேட் எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"
"பத்துக்கு. டிக்கெட் கவுன்ட்டரும் அப்பதான்."
நோட்டை மூடினாள், பேனாவை அதற்குள்ளேயே விட்டு.
அவள் பங்கு கேசரிபாத் தட்டில் அப்படியே இருந்தது.

அன்றிரவு அல்சூர் வீட்டில்
சும்மா ஒரு விளையாட்டுக்கு
சூரியனைக் காலை ஐந்து நாற்பதுக்கு இழுத்தேன்.
மயில் போயிற்று. நீலம் போயிற்று.
குடைக்காரி மட்டும் கறுப்பாக,
இந்நேரத்தில் எனக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல.
நூற்று அறுபத்திரண்டு பேரை ஒட்டியிருந்தேன்.
ஒருவரும் ஓடவில்லை.

கோப்பைத் துழாவினேன்:
நடப்பவர், நாயோடு நடப்பவர், பலூன் குழந்தை,
நிற்கும் வெள்ளைக்காரர்,
சற்றே வேறுவிதமாய் நிற்கும் வெள்ளைக்காரர்.
வெறுங்காலோடு ஓடும் பதின்மூன்று வயதுப் பெண்
அதில் கிடையாது.

மதிலுக்கு வந்தேன். சுற்றிலும் இரண்டரை மீட்டர்.
வடமேற்கில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில்,
எவரும் படமெடுக்க மாட்டார்கள் என்று விட்டுவைத்த மூலையில்,
நாலு மீட்டர் நீளத்துக்கு எண்ணை மாற்றினேன்.
பூஜ்யம் புள்ளி நாலு ஐந்து.
முழங்கால் உயரம்.
யாராவது சிவப்பில் வட்டமிடுவார்கள் என்று இருந்தேன்.
ஏழு கையெழுத்து விழுந்தது, வட்டம் விழவில்லை.
ஒப்பந்தக்காரர் நேர்மையானவர்,
சிமென்ட்டில் எப்படியோ, அளவில்.

திறந்து எட்டு மாதம்.
போன ஞாயிறு பதினோரு மணிக்கு, டிக்கெட் எடுத்துப் போனேன்.
நீரூற்று பழுது. மயிலெங்கும் புறா.
ஒரு வேன் நிறைய வந்தவர்கள், குஜராத்தி பேசியவர்கள்,
மட்டைப் பெஞ்சில் வழுக்கிச் சிரித்து
ஒவ்வொருவராய் வடமேற்குக்கு நகர்ந்து
குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள்,
முதுகை மைதானத்துக்குக் கொடுத்து.
சாலையையும் வேர்க்கடலை வண்டியையும் பார்த்தபடி
ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டார்கள்.

யாரும் உட்காராத ஓர் அரையடி இடைவெளியில்
சுவரின் விளிம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது.
கீழே காய்ந்த சேற்றில் ஐந்து விரல்.
சின்னது. இடது கால்.
உள்நோக்கி.