எஃப்.சி.

வருஷம் தவறாமல் என் வண்டியைச்
சங்ககிரிப் பட்டறையில் நிறுத்தி
ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்ப்பார்கள்.
பிரேக் லைனிங், கிங் பின்,
லீஃப் கட்டில் மயிரிழை விரிசல்,
புகை எத்தனை கறுப்பு என்பது வரை.

இந்த முறை
அடியில் குனிந்து கிரீஸ் நிப்பிளைத் தேடியபோது
மங்கியது பட்டறை விளக்கு என்றுதான் நினைத்தேன்.
விளக்கு நன்றாக எரிந்ததாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில்
விரல் நுனிச் சொட்டுக்கு
இருநூற்றெண்பத்தாறு என்று பதில் வந்தது.
“என்ன தொழிலுங்க, செங்கோடன்?”
“லாரிங்க. இருபத்தாறு வருஷம்.
ஒரு விபத்து இல்லீங்க.”
எழுதுவதை நிறுத்தாமல் டாக்டரம்மா சொன்னார்:
“இப்ப நடந்துட்டிருக்குதுங்க.”

பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர்
உட்கார்ந்தே ஓடியவன் நான்.
விடியற்காலை மூன்று மணிக்குப் பன்னும் பாலும்,
தூக்கம் விரட்டப் பாக்குத்தூள்,
பரோட்டா மேல் சால்னா, சால்னா மேல் பரோட்டா.
வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது எந்த ஊரில் என்று தெரியாது.
சீட்டை ஒரு பல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

மாடியில், பழைய எக்ஸ்ரே அறையில் யோகா.
நூல்மில் சூப்பர்வைசர் ஒருவர்,
கோழிப்பண்ணைக்காரர்,
முதுகுவலியோடு மூன்று பெண்கள், நான்.
மூச்சை இழுத்து மெல்ல விடச் சொன்னார்கள்.
ஏர் பிரேக் மாதிரி புஸ்ஸென்று விட்டேன்.
கோழிப்பண்ணைக்காரர் சிரித்துச் சிரித்து
அவருடைய மூச்சையும் கெடுத்துக்கொண்டார்.
குனிந்து பாதத்தைத் தொட வேண்டுமாம்.
தொடுவது இருக்கட்டும்,
பாதம் இருக்கிறதா என்று பார்க்கவே
வயிறு வழிவிடவில்லை.
சவாசனம் மட்டும் முதல் நாளே வந்துவிட்டது,
குறட்டையோடு.

ஈஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை.
கொள்ளு ஊறிக்கொண்டிருந்தது.
“குதிரைக்குப் போடறதை எனக்குப் போடறயா?”
“குதிரைக்குச் சர்க்கரை இருக்குதா?”
அதற்கு மேல் பேச்சில்லை.
கடைந்த கொள்ளில் பூண்டு மணத்தது.
கம்மஞ்சோறு, சுக்கட்டிக் கீரை, அரசாணிக்காய்ப் பொரியல்,
தட்டில் பாதிக்கு மேல் காய்தான்.
நாலாம் நாள், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பசி என்றால் என்னவென்று
பல வருஷம் கழித்துத் தெரிந்தது.
அதுவரை வந்ததெல்லாம் பழக்கம்.

வண்டி தேறிவிட்டது.
கண்ணாடியில் புதுக் காகிதம் ஒட்டியாயிற்று.
எனக்கு மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி ஒரு சீட்டு.
அதையும் பக்கத்தில் ஒட்டினேன்.

திருச்சூருக்குச் சிமெண்டு லோடு.
ஜாக்கி லீவருக்குப் பக்கத்தில் களி கிண்டும் துடுப்பு.
கிளீனர் மாதேசு அதைத் தூக்கிப் பார்த்து
“இது எந்த நட்டுக்குங்ணா?” என்றான்.
பெருந்துறை தாண்டி ஓரங்கட்டி
இருவரும் களி தின்றோம்.
அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.
ஆனாலும் அவிநாசியில்
ரெண்டு பரோட்டா உள்ளே போய்விட்டது.
கல்லில் அடித்த அந்தச் சத்தம்
என் பெயரைச் சொல்லி அழைத்த மாதிரி இருந்தது.
ஈஸ்வரிக்கு இது போக வேண்டாம்.

விடிகிற நேரம், வாளையாரில் நீண்ட வரிசை.
நகராது என்று தெரிந்ததும்
தார்ப்பாய் மேலே ஏறினேன்.
மூட்டைகளின் மேல் கால் சமனாக நிற்கவில்லை;
நிறுத்தினேன்.
மலைப் பக்கமிருந்து காற்று ஈரமாக வந்தது.
இரண்டு கையையும் மேலே தூக்கியபோது
பின்வண்டிக்காரர் தலையை நீட்டினார்:
“என்னங்ணா, மழை வருமான்னு பாக்கறீங்களா?”
“ஆமாங்க.”

குனிந்தேன்.
விரல் நுனி முட்டிக்குக் கீழே மூன்று விரற்கடை.
போன வாரம் முட்டியோடு சரி.

முன்வண்டி நகர்ந்தது. ஹாரன், ஹாரன் மேல் ஹாரன்.
மாதேசு கீழிருந்து கத்தினான்.
உள்ளே இருந்த மூச்சை
முழுதாக விட்டுவிட்டுத்தான்
இறங்கினேன்.